மார்செய் தரவில் இரண்டு உருளை, என் படத்தில் ஏழு: எங்கே தப்பு?

செவ்வந்தி | திங்கள், இரவு 10:42

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. மைக்ரோவேவ் இமேஜிங்தான் தலைப்பு. ஒரு பொருளைச் சுற்றிலும் ஆன்டெனா வைத்து, அது சிதறடிக்கும் அலையை அளந்து, அதிலிருந்து பொருளின் வடிவத்தையும் விடுதிறனையும் (பெர்மிட்டிவிட்டி, அலையைப் பொருள் எவ்வளவு மெதுவாக்கும் என்று காட்டும் எண், காற்றுக்கு 1) கண்டுபிடிக்க வேண்டும். இன்வர்ஸ் ப்ராப்ளம்.

நானே உருவாக்கிய தரவைக் கொடுத்தால் என் கோட் அச்சுப் பிசகாமல் வரைகிறது. பிரான்சின் மார்செய் நகரில் உள்ள இன்ஸ்டிட்யூட் பிரெனெல் ஆய்வகம் 2001 இல் வெளியிட்ட அளவைத் தரவைக் கொடுத்தால் குப்பை வருகிறது. நான் எடுத்தது இரட்டை உருளைத் தரவு. இரண்டு பிளாஸ்டிக் உருளைகள், ஒவ்வொன்றும் 15 மி.மீ. ஆரம், விடுதிறன் 3 (கூடக் குறைய 0.3). மையத்திலிருந்து ஏறத்தாழ 45 மி.மீ. தள்ளி, ஆளுக்கொரு பக்கம். அனுப்பும் திசைகள் 36, ஏற்பி இடங்கள் 49. 1 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டு அதிர்வெண்கள். பெருக்கினால் 14,112 கலப்பெண்கள். என் படமோ 64க்கு 64, அதாவது 4096 கட்டம். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தாராளமாகப் போதும் என்றுதான் நினைத்தேன்.

நுணுக்கம் அதிகம் கிடைக்கும் என்று 8 கிகாஹெர்ட்ஸில் ஆரம்பித்தேன். ஏழு புள்ளிகள் வந்தன. பெரிய புள்ளியில் விடுதிறன் 5. எட்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் இன்னும் மோசம். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

சும்மா வந்தவன் | திங்கள், இரவு 11:05

எனக்கு இந்தத் துறை தெரியாது, ஆனால் ஒரு சந்தேகம். சுற்றிலும் சுடுகிறீர்கள், சுற்றிலும் அளக்கிறீர்கள். இது சிடி ஸ்கேன்தானே? அதைத்தான் ஐம்பது வருடமாக ஆஸ்பத்திரியில் செய்கிறார்களே.

பழைய ரேடார் | செவ்வாய், காலை 6:20

நல்ல கேள்வி தம்பி. எக்ஸ்ரே நேர்கோட்டில் போகும். வழியில் எவ்வளவு தேய்ந்தது என்று கூட்டிக் கழித்தால் படம் வந்துவிடும். இங்கே அலைநீளமும் பொருளின் பருமனும் ஒரே அளவு. அலை வளையும், சுற்றிக்கொண்டு போகும், ஒரு உருளையில் பட்டு அடுத்த உருளையில் மோதித் திரும்பியும் வரும். பொருளுக்குள் என்ன அலை ஓடுகிறது என்று தெரிந்தால் பொருளைக் கண்டுபிடிப்பது சுலபம். பொருள் தெரிந்தால் அலையைக் கணக்குப் போடலாம். இரண்டும் தெரியாது என்பதுதான் கஷ்டமே. உள்ளே ஓடுவது நாம் அனுப்பிய அலையேதான், பொருளால் அது மாறவே இல்லை என்று கண்ணை மூடிக்கொள்வதற்குப் பெயர் பார்ன் தோராயம். பொருள் சிறிதாகவும் மென்மையாகவும் இருந்தால் அந்தப் பொய் செல்லும்.

செவ்வந்தி அவர்களுக்கு: 8 இல் ஆரம்பித்தேன் என்று நீங்கள் சொன்ன இடத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. சின்னக் கணக்கு போடுங்கள். உருளையின் விட்டம் 30 மி.மீ. விடுதிறன் 3 என்றால் உள்ளே அலை 1.73 மடங்கு மெதுவாக ஓடும். நடுவே ஊடுருவி வெளியே வரும்போது, பக்கத்தில் காற்றில் ஓடிய அலையைவிட 22 மி.மீ. பின்தங்கியிருக்கும். 8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 37.5 மி.மீ., அதில் பாதி 18.75. அரை அலைநீளத்துக்கு மேல் பின்தங்கினால், அது பின்தங்கியதா முந்தியதா என்று அலைக்கட்டத்தைப் (ஃபேஸ், அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பது) பார்த்துச் சொல்ல முடியாது. மணி முள் இல்லாத கடிகாரம் மாதிரி. நிமிட முள் 40 இல் நிற்கிறது, சரி, எத்தனை மணி?

1 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 150 மி.மீ. அங்கே 22 என்பது ஒன்றுமே இல்லை. படம் மங்கல்தான், ஆனால் ஏமாற்றாது. அதுதான் மணி முள். அந்த மங்கலை எடுத்து 2 க்குத் தொடக்கமாகக் கொடுங்கள், 2 இன் விடையை 3 க்கு. படிப்படியாக ஏறுங்கள். இந்த வழியைப் பெயர் சொல்லி எழுதி வைத்தவர்கள் சூ, லின் இருவரும், 1995 இல். அதிர்வெண் தாவல் என்று சொல்லலாம், ஆங்கிலத்தில் ஃப்ரீக்வென்சி ஹாப்பிங் என்பார்கள்.

அணிக்கோவை | செவ்வாய், காலை 9:48

ரேடார் சார் சொன்னதுடன் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலில் அந்த 14,112. அது பெரிய எண் போலத் தெரிகிறது, ஆனால் பெரும்பாலும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். 75 மி.மீ. ஆர வட்டத்துக்குள் அடங்கும் பொருள் 1 கிகாஹெர்ட்ஸில் வெளியே அனுப்பும் புலத்தில், கோணத்தைச் சுற்றித் தனித்தனியாக மாறக்கூடிய அமைப்புகள் நாலைந்துக்கு மேல் தேறாது. அனுப்புபவரும் வாங்குபவரும் இடம் மாறினாலும் அளவு மாறாது என்பதால் அதிலும் பாதி போய்விடும். கடைசியில் 1764 அளவுகளில் உருப்படியாக இருப்பது சுமார் 10 எண்கள். 8 கிகாஹெர்ட்ஸில் அதுவே சுமார் 350. உங்கள் 4096 கட்டத்துக்கு முன்னால் 350 எவ்வளவு? மீதியை ரெகுலரைசேஷன்தான் (விடை இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே போடும் கட்டுப்பாடு) நிரப்புகிறது, அதாவது நீங்கள்தான் நிரப்புகிறீர்கள்.

பொருளையும் அளவுகளையும் இணைக்கும் அணியின் சிங்குலர் மதிப்புகளை (ஒவ்வொரு அமைப்பும் அளவில் எவ்வளவு பலமாகத் தெரிகிறது என்று காட்டும் எண்களை) ஒரு முறை வரைந்து பாருங்கள். 1 இல் பத்து மதிப்புகள் நிமிர்ந்து நிற்கும், அதற்குப் பிறகு கிணற்றில் விழுந்த மாதிரி சரிந்துவிடும். நான் கேட்டுக்கொள்கிறேன், இதை உங்கள் கண்ணால் பாருங்கள். நூறு கட்டுரை படித்தாலும் அந்த ஒரு வரைபடம் சொல்லிக்கொடுப்பது வராது.

இரண்டாவது, "நானே உருவாக்கிய தரவில் அச்சுப் பிசகாமல்" என்ற வரி. தரவு உருவாக்கிய கட்டமும் விடை தேடிய கட்டமும் ஒன்றுதானா?

செவ்வந்தி | செவ்வாய், மதியம் 1:15

ஆமாம். இரண்டும் 64க்கு 64. 1965 இல் ரிச்மண்ட் கொடுத்த சூத்திரம், ஒவ்வொரு சதுரத்தையும் அதே பரப்புள்ள வட்டமாக எடுத்துக்கொள்ளும் முறை. ஏன், தப்பா?

அணிக்கோவை | செவ்வாய், மதியம் 1:31

கேள்வித்தாள் எடுத்தவரே விடை எழுதி, அவரே திருத்தினால் நூற்றுக்கு நூறுதான் வரும். கோல்டன், கிரெஸ் இருவரின் புத்தகத்தில் இதற்கு இன்வர்ஸ் கிரைம் என்றே பெயர். உங்கள் கட்டம் செய்யும் பிழை தரவிலும் அதே அளவில் இருக்கிறது, அதனால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. உருளைக்குத்தான் பெசல் சார்புகளில் துல்லியமான தொடர் இருக்கிறதே, அதில் தரவு செய்யுங்கள். அல்லது வேறு அளவுக் கட்டத்தில் செய்து, மேலே கொஞ்சம் இரைச்சல் தூவுங்கள். அதிலும் உங்கள் கோட் தாக்குப்பிடித்தால், பிழை தரவைக் கையாளும் விதத்தில் இருக்கிறது என்று பிடித்துவிடலாம்.

நரம்பு வலை | செவ்வாய், மாலை 4:02

இந்தக் காலத்திலும் இப்படிப் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்க வேண்டுமா? பத்தாயிரம் செயற்கைப் படங்கள் செய்து யூ-நெட் என்ற நரம்பு வலைக்குப் பயிற்சி கொடுத்தால் ஒரு நொடியில் விடை.

பழைய ரேடார் | செவ்வாய், மாலை 5:30

கொடுக்கலாம், குறை சொல்லவில்லை. அது தொடக்கப் படத்தை மெருகேற்ற நன்றாகவே உதவும். ஆனால் அந்தப் பத்தாயிரம் படங்களும் எந்தக் கோடில் இருந்து வரும்? இவர் கோடில் இருந்துதானே? அதில் இருக்கும் கோளாறு வலைக்குள்ளும் போகும். அப்புறம் உருளைகளில் பழகிய வலை, இல்லாத உருளையையும் வழவழவென்று வரைந்து காட்டும். ஏழு புள்ளி வந்ததால்தான் இவருக்குச் சந்தேகம் வந்தது. அழகான இரண்டு வட்டம் வந்திருந்தால் கட்டுரை எழுதி அனுப்பியிருப்பார்.

நரம்பு வலை | செவ்வாய், மாலை 5:41

அந்தக் கடைசி வரி கொஞ்சம் குத்துகிறது. சரி, கவனிக்கிறேன்.

வடமராட்சி | செவ்வாய், இரவு 9:10

நான் நிலத்தடி ரேடாரோடு மல்லுக்கட்டுகிற ஆள், பிரெனெல் தரவைப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும். சுற்றிவர ஆன்டெனா, பொருள் நடுவில், பின்னணி வெறும் காற்று. எங்களுக்கு மேலே இருந்து மட்டும்தான் பார்க்கலாம். கீழே மண்.

செவ்வந்தி, எட்டு அதிர்வெண்களையும் ஒன்றாகச் சேர்க்கிறபோது நீங்கள் ஒன்றை நம்புகிறீர்கள்: விடுதிறன் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றே. பிளாஸ்டிக்குக்கு அது செல்லும். ஈர மண்ணில் செல்லாது. தண்ணீரின் விடுதிறன் 80ஐ ஒட்டி, காய்ந்த மணலுக்கு 3 முதல் 5. ஒரு மழை பெய்தால் பின்னணியே வேறு. கடத்துதிறன் இருந்தால் விடுதிறனின் கற்பனைப் பகுதி (அலை உள்ளே தேய்வதைக் காட்டுவது) அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்தில் போகும், ஆகவே படத்தின் ஒவ்வொரு சதுரத்திலும் கற்பனைப் பகுதிக்குப் பதிலாகக் கடத்துதிறனைத் தெரியாததாக வைத்துக்கொள்ள வேணும். அப்போதுதான் எல்லா அதிர்வெண்ணும் ஒரே எண்ணைப் பற்றிக் கதைக்கும். இப்போதைக்கு உங்களுக்கு இது தேவையில்லை. பிறகு உடம்பு, மண் என்று போகிறபோது ஞாபகம் வைத்திருங்கோ.

செவ்வந்தி | புதன், இரவு 11:58

எல்லோருக்கும் நன்றி. பெசல் தொடரில் தரவு செய்து, 5 சதவீத இரைச்சலும் போட்டேன். 8 இல் நேராகத் தொடங்கினால் அதே கூத்து. 1 இலிருந்து ஏறினால் இரண்டு உருளையும் வந்துவிட்டன! ரேடார் சார் சொன்ன 22 மி.மீ. கணக்கை நோட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆனால் மார்செய் தரவு இன்னும் வரவில்லை. 1 கிகாஹெர்ட்ஸிலேயே தேடும் சதுரத்தின் ஓரங்களில் புள்ளி புள்ளியாக இறைந்து கிடக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. மணி முள்ளே இப்படி ஆடினால் நான் என்ன செய்ய?

பழைய ரேடார் | வியாழன், காலை 6:05

நல்லது, இப்போது நோய் பாதியாகக் குறைந்துவிட்டது. உங்கள் கணக்கு சரி, அளவோடு அது ஒட்டவில்லை. ஆன்டெனா அளந்த எண்ணை உங்கள் மாதிரியின் எண்ணாக எப்படி மாற்றுகிறீர்கள்?

செவ்வந்தி | வியாழன், காலை 8:22

கோப்பில் ஒவ்வொரு வரியிலும் மொத்தப் புலம், பொருள் இல்லாதபோது அளந்த படுபுலம், இரண்டின் மெய், கற்பனைப் பகுதிகள் இருக்கின்றன. கழித்தால் சிதறிய புலம். அப்புறம் 49 ஏற்பிகளிலும் தனித்தனியாக, நான் கணித்த படுபுலத்தை அளந்த படுபுலத்தால் வகுத்து, அந்த விகிதத்தால் சிதறிய புலத்தைப் பெருக்குகிறேன். ஒவ்வொரு ஏற்பிக்கும் தனிக் கவனம் கொடுத்தால் நல்லதுதானே?

பழைய ரேடார் | வியாழன், காலை 8:50

அங்கேதான் கையைச் சுட்டுக்கொண்டீர்கள்.

அனுப்புவது ஹார்ன் ஆன்டெனா, கூம்பு போல ஒரு பக்கமாகவே வீசுவது. மையத்தைப் பார்த்து நிற்கிறது, 720 மி.மீ. தள்ளி. ஏற்பி 760 மி.மீ. தூரத்தில் வட்டமாக நகர்கிறது, அனுப்பியிலிருந்து 60 டிகிரி முதல் 300 டிகிரி வரை, 5 டிகிரிக்கு ஒரு நிறுத்தம். நேர் எதிரே, 180 இல் நிற்கும்போது இரண்டு ஹார்னும் முகத்துக்கு முகம். 60 டிகிரியில் நிற்கும்போதோ? காகிதத்தில் வரையுங்கள். ஏறக்குறைய சமபக்க முக்கோணம். அனுப்பியும் ஏற்பியை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறது, ஏற்பியும் அப்படியே. நேரடியாக வரும் படுபுலம் அங்கே சுருங்கிப் போயிருக்கும். உங்கள் மாதிரியில் இருப்பது எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கோட்டு மூலம். சுருங்கிய எண்ணால் வகுத்தால் விகிதம் வீங்கும், அதில் வாடகைக்கு இருக்கும் இரைச்சலும் சேர்ந்து வீங்கும். பொருளிலிருந்து வரும் சிதறிய அலையோ மையத்திலிருந்து, அதாவது ஹார்னின் நேர் முகத்துக்கு வருகிறது. அதற்கு அந்தத் திருத்தமே தேவையில்லை.

நேர் எதிரே உள்ள ஏற்பியில் மட்டும் விகிதம் எடுங்கள். அதிர்வெண்ணுக்கு ஒரே ஒரு கலப்பெண். அதையே 49 க்கும் போடுங்கள். இந்தத் தரவைத் தொட்டவர்கள் வழக்கமாகச் செய்வதும் அதுதான்.

செவ்வந்தி | வியாழன், மதியம் 2:40

செய்தேன் சார். ஓரத்துப் புள்ளிகள் அடங்கிவிட்டன. ஆனால் நடுவில் இப்போதும் உருளை இல்லை. விடுதிறன் 1.1ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. அழுகை வருகிறது.

அணிக்கோவை | வியாழன், மதியம் 3:03

குறி! காலத்தின் குறி! அலை நேரத்தோடு மாறுவதை எழுதும் அடுக்கில் உங்கள் கோட் போடுவது கூட்டல் குறியா, கழித்தல் குறியா? கோப்பில் எது? ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் நீங்கள் வைத்திருப்பது இணைக் கலப்பெண்கள் (கற்பனைப் பகுதியின் குறி மட்டும் மாறியவை), அலை வெளியே போகாமல் உள்ளே வருகிறது.

சோதிப்பது சுலபம். நேர் எதிர் ஏற்பியின் படுபுலத்தை எடுத்து, அதிர்வெண் 1, 2, 3 என்று ஏற ஏற அலைக்கட்டம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். உங்கள் கோடின் குறி எந்தப் பக்கம் சுற்றச் சொல்கிறதோ அந்தப் பக்கமே சுற்றினால் குறி சரி.

பழைய ரேடார் | வியாழன், மாலை 4:15

சந்தேகம் சரி, சோதனை தப்பு. இரண்டு ஆன்டெனாவுக்கும் இடையே 1480 மி.மீ. ஒவ்வொரு கிகாஹெர்ட்ஸ் ஏற்றத்துக்கும் அலைக்கட்டம் 1480 ஐ 300 ஆல் வகுத்த அளவு, அதாவது 4.93 சுற்று சுற்றும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது பின்பக்கமாக 0.07 சுற்று. சினிமாவில் மாட்டு வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுமே, அதே கதை. வெறும் கண்ணால் திசை சொன்னால் தலைகீழாகச் சொல்வீர்கள். போதாததற்குத் தூரங்களில் 3 மி.மீ. இப்படி அப்படி இருக்கிறது, ஹார்னும் கேபிளும் தங்கள் பங்குக்கு அலைக்கட்டத்தைச் சேர்க்கும்.

வேறு வழி. இரட்டை உருளையை மூட்டை கட்டி வையுங்கள். அதே தொகுப்பில் ஒற்றை உருளை இருக்கிறது, மையத்திலிருந்து 30 மி.மீ. தள்ளி. அதை எடுங்கள். முழுத் தேடல் வேண்டாம், அளந்த புலத்தைப் பின்னோக்கி அனுப்பி வரும் முதல் படம் போதும். விடுதிறன் மெய்யாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டு, மதிப்பளவை (மெய், கற்பனை இரண்டும் சேர்ந்த பருமனை) மட்டும் வரையுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்லுங்கள்.

அணிக்கோவை | வியாழன், மாலை 4:22

4.93! கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். சோதனையை வாபஸ் வாங்குகிறேன்.

செவ்வந்தி | வியாழன், இரவு 7:37

எதிர்ப் பக்கம்!! 30 மி.மீ. தான், ஆனால் மையத்துக்கு நேர் எதிரே! அதுவும் அந்த இடத்தில் மெய்ப்பகுதி கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் கற்பனைப் பகுதியாக நிற்கிறது.

பழைய ரேடார் | வியாழன், இரவு 8:10

அதேதான். இணைக் கலப்பெண் எடுத்தால் மையத்திலிருந்து அளக்கும் பாதை வித்தியாசங்கள் எல்லாம் குறி மாறும். கூட்டல் இடம் கழித்தல் இடமாகத் தெரியும். மாறாத தூரத்தின் அலைக்கட்டத்தை நீங்கள் போட்ட அந்த ஒரே விகிதம் விழுங்கிவிடுகிறது, அதனால் படம் கலையாமல் அப்படியே புரண்டு நிற்கிறது. விழுங்கியது போக மிஞ்சும் கால் சுற்று, மெய்யைக் கற்பனையாக ஆக்கிவிடுகிறது. நீங்களோ மெய்ப்பகுதி மட்டும் தேடு என்று கோடுக்குக் கட்டளை போட்டிருந்தீர்கள். தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, பாவம் அது எதைத்தான் வரையும்?

இப்போது இரட்டை உருளையை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு பக்கம் 45 மி.மீ. புரட்டிப் போட்டாலும் இரண்டும் தத்தம் இடத்திலேயே விழும். அந்தத் தரவில் நீங்கள் எத்தனை வாரம் உட்கார்ந்தாலும் இடம் பார்த்து இந்தப் பிழையைப் பிடித்திருக்க முடியாது.

சும்மா வந்தவன் | வியாழன், இரவு 8:31

பாதி புரியவில்லை, ஆனாலும் துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. இந்த உருளைகளை யாருக்கு எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும்?

வடமராட்சி | வியாழன், இரவு 9:02

உருளை பரீட்சைக்கு மட்டும்தான். விடை தெரிந்த பொருளில் கோட் பிழைத்தால்தான் விடை தெரியாத பொருளுக்குப் போகலாம். கண்ணிவெடி, சுவருக்குள் குழாய், மரத்துக்குள் பொந்து, மார்பகக் கட்டி. கடைசியாகச் சொன்னதில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நெடுநாளாக வேலை நடக்கிறது. முன்பு கட்டிக்கும் சாதாரணத் திசுவுக்கும் பெரிய வித்தியாசம் என்று நம்பிக்கையாக இருந்தார்கள். 2007 இல் வந்த பெரிய அளவீட்டில், கட்டிக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் நிறைய, ஆனால் கட்டிக்கும் சுரப்பித் திசுவுக்கும் 10 சதவீதத்தை ஒட்டித்தான் என்று தெரிந்தது. அங்கே ஒரு கால் சுற்றுப் பிழை விட்டால் கட்டியே காணாமல் போகும்.

செவ்வந்தி | வெள்ளி, இரவு 11:20

ஒரே ஒரு வரி மாற்றினேன். இணைக் கலப்பெண். மூன்று வாரம், ஒரு வரி.

இப்போது நடப்பதை எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும். 1 கிகாஹெர்ட்ஸில் நீளவாக்கில் ஒரே மேகம், உச்சத்தில் விடுதிறன் 1.5 கூட இல்லை. இரண்டு உருளை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். 2 இல் மேகத்துக்கு இடுப்பு வருகிறது, நிலக்கடலை மாதிரி. 3 இல் பிரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் மேகம் சுருங்கிச் சுருங்கி உயரம் ஏறுகிறது. 8 இல் இரண்டு வட்டம், உச்சம் 2.9.

வேண்டுமென்றே விளையாடிப் பார்த்தேன். 3 இல் தொடங்கினாலும் வருகிறது. 8 இல் மட்டும் தொடங்கினால், குறி சரியாக இருந்தும், நடுவில் குழி விழுந்த இரண்டு வளையமும் உபரியாக மூன்று புள்ளியும். அப்புறம் 1 இல் நூறு சுற்று ஓட விட்டேன், பேராசைதான். மேகத்துக்குக் கொம்பு முளைத்தது.

அணிக்கோவை | சனி, காலை 7:45

கொம்புக்குக் காரணம்: 1 இல் சிதறிய புலம் மிகச் சின்னது, கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்து வருவது. அளவைப் பிழை அதில் பெரிதாகத் தெரியும். பத்து எண்கள்தான் இருக்கின்றன என்று சொன்னேனே, அதற்கு மேல் ஓட்டினால் பிழைக்குத்தான் படம் வரைகிறது. பொருத்தம் இரைச்சல் அளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு அடுத்த படிக்கு ஏறுங்கள். ஓரம் கூர்மையாக வேண்டுமென்றால் தேவையற்ற ஏற்ற இறக்கங்களுக்கு அபராதம் போடும் டோட்டல் வேரியேஷன் தண்டனையைக் கடைசி இரண்டு மூன்று அதிர்வெண்களில் மட்டும் சேர்த்துப் பாருங்கள். 2.9 க்கு வருத்தப்பட வேண்டாம், மார்செய்க்காரர்களே 0.3 கூடக் குறைய என்றுதானே கொடுத்திருக்கிறார்கள்.

செவ்வந்தி | சனி, காலை 10:12

சரி. அடுத்து அதே தொகுப்பில் உலோக யு வடிவம் இருக்கிறது, 80க்கு 50 மி.மீ. இதே கோடை அப்படியே போடலாமா?

பழைய ரேடார் | சனி, காலை 10:40

உலோகத்துக்குள் அலை நுழையாது, அதனால் உள்ளே விடுதிறன் தேடுவதில் அர்த்தம் இல்லை. கற்பனைப் பகுதியை மட்டும் தெரியாததாக வைத்துக்கொண்டு, அது எங்கே பெரிதாகிறது என்று பார்ப்பார்கள். வெளி ஓரம் வந்துவிடும். யுவின் வாய்க்குள் அலை பல தடவை மோதி மோதித்தான் வெளியே வரும், அந்தப் பள்ளம்தான் தண்ணீர் காட்டும். தனி இழை தொடங்குங்கள், இது நீண்டுவிட்டது.

வடமராட்சி | சனி, முற்பகல் 11:05

தொடங்க முதல், அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் ஏன் போட்டீர்கள் என்று எழுதி வைத்தீர்களோ?

செவ்வந்தி | சனி, முற்பகல் 11:09

வைத்திருக்கிறேன். "இதை எடுத்தால் உருளை எதிர்ப் பக்கம் போகும். எடுக்காதே. இது உனக்குத்தான், செவ்வந்தி."